சொட்டாத பதின்மூன்றாவது ஓட்டை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் கார் ஆகிய மூவரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் மூவரில் இருவரின் நலத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். மூன்றாமவரின் நலத்துக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது. போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

வேலை இன்னும் ஒரு வருஷம் நீள்கிறது, அதுவரை காரை மாமாவிடமே விட்டுவைக்கலாமா, அவருக்குச் சிரமமாக இருந்தால் அப்பாவிடம் மாற்றிவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை, எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மனம்விட்டுச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து என்னை எதற்கும் யாரும் கூப்பிடுவதில்லை. உங்கள் கார் வந்த பிறகுதான் மேல்வீட்டுப் பல் டாக்டரம்மா “அங்கிள், கிளினிக்ல இறக்கி விடுறீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார். உங்கள் அத்தைகூட, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக, “நீங்க எப்ப ஃப்ரீயா இருப்பீங்க?” என்று கேட்டாள். இந்தக் கார் என் வீட்டு வாசலில் நிற்கிறவரைக்கும்தான் எனக்கு மதிப்பு. அது போய்விட்டால் நான் மறுபடியும் பால் வாங்கி வருகிற ஆளாகிவிடுவேன். அதனால் காரை என்னிடமே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்வதற்காகத்தான் இந்தக் கடிதம். நடுவில் சில சம்பவங்கள் வரும். அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் தேர்வாளராக இருந்தவர். ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறேன். அவரே அதை இரண்டு தடவை எழுத்தில் கொடுத்திருக்கிறார். நம் இரண்டு குடும்பமும் முதன்முதலில் சந்தித்த அன்று அவர் என்னை உற்றுப் பார்த்து, “உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே?” என்றார். “ரிவர்ஸ்ல” என்றேன். அந்தப் பழைய கதையெல்லாம் என் மனதில் இல்லை. நீங்கள் ஊருக்குப் போகும்போது சாவியை அவர் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தீர்களே, அப்போது அவர் முகம் போன போக்கை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடிநீர் வாரியத்தில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். குழாய்க் கசிவு ஆய்வாளர். முப்பத்துநான்கு வருஷம். தெருவில் எங்கே ஈரம் தெரிந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். ஒரு நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, பூமிக்கடியில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்லுவேன். கண்டுபிடி, அடை, எழுதிவை, அடுத்த தெருவுக்குப் போ. முப்பத்துநான்கு வருஷம் இதைத் தவிர நான் வேறொன்றும் நினைக்கவில்லை. இன்றைக்கும் எங்காவது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என் கை நமநமவென்று அரிக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர்கள் குளியலறைக் குழாயைத்தான் விசாரிப்பேன். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

காரை வாசலில் இருக்கும் மரத்தடியில் நிறுத்தி வந்தேன். வெயில் படக்கூடாது, பெயிண்ட் வெளுத்துவிடும் என்ற நல்லெண்ணத்தில்தான். அந்த மரம் நாள் முழுக்கப் பொடிப்பொடியாக இலை கொட்டுகிற மரம். மேலே விழுந்ததை நான் தினமும் துடைத்துவிடுவேன். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்திலும், கூரையில் திறக்கிற கண்ணாடியான சன்ரூஃபின் விளிம்பிலும் போய் ஒளிந்துகொண்ட இலைகளை மட்டும் பார்க்கவில்லை. ஒளிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பது, சொல்லுங்கள். போன மாதத் தொடக்கத்தில் முதல் மழை பெய்தது. மறுநாள் காரைத் திறந்தால் முன்பக்கம் இடது காலடி மிதியடி ஈரமாக இருந்தது. ஒரு கைக்குட்டை நனையும் அளவு ஈரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை மாப்பிள்ளை. ஓய்வுபெற்று ஆறு வருஷம் கழித்து, என் வீட்டு வாசலிலேயே ஒரு கசிவு!

உள்ளே போய்ப் பழைய கம்பியை எடுத்துவந்தேன். காரின் கதவில், கூரையில், தூணில் என்று ஒவ்வோர் இடமாக ஊன்றிக் காது கொடுத்துக் கேட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் கம்பி இருந்தது. அப்புறம் பாய் விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பார்த்தால், ஐயோ, காரின் அடிவயிறு முழுக்க ஓட்டை! ஒவ்வொரு கதவின் கீழ்விளிம்பிலும் இரண்டிரண்டு, மொத்தம் எட்டு. நான்கு மூலையிலும் விரல்நுனி அளவில் ஒவ்வொரு ரப்பர் குழாய், அது நான்கு. நடுவில் ஏசியிலிருந்து வருகிற குழாய் ஒன்று. ஆக மொத்தம் பதின்மூன்று. அதில் பன்னிரண்டு ஓட்டைகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. முன்பக்கத்து இடது மூலைக் குழாய் ஒன்றுதான் ஒரு சொட்டுகூட விடாமல் கட்டுப்பாடாக இருந்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, இவ்வளவு அழகான கார், கடைசியில் பன்னிரண்டு இடத்தில் ஒழுகுகிறதே, இதைப் பார்க்க ஒரு ஆய்வாளர்கூடவா அங்கே இல்லை என்று நான் வருத்தப்பட்டேன். என்னிடம் குழாய் அடைக்கிற பசை எப்போதும் இருக்கும். கறுப்பு ஒரு உருண்டை, வெள்ளை ஒரு உருண்டை, இரண்டையும் பிசைந்து வைத்தால் அரைமணி நேரத்தில் கல்லாகிவிடும். பன்னிரண்டையும் அடைத்தேன். சொட்டாத பதின்மூன்றாவதுதான் நல்ல ஓட்டை என்று அதை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன்.

அடுத்த எட்டு நாள் மழையே இல்லை. காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தினமும் காலையில் குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வருவேன். அந்த எட்டு நாளும் நான் எவ்வளவு நல்ல மனிதனாக இருந்தேன் என்று உங்கள் அத்தையைக் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று தேடித் தேடிச் செய்தேன்.

ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில். பல் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டும் கையில் கோப்புமாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கு ஏதோ பெரிய கூட்டமாம், மேல்நாட்டு நிபுணர்கள் வருகிறார்களாம். கார் கிளம்பும்போதே ஒரு சத்தம் கேட்டது. திரும்பும்போதெல்லாம் கதவுகளுக்குள் களக் களக் என்றது. “என்ன அங்கிள், பின்னாடி தண்ணிக் கேன் இருக்கா?” என்றார். “இல்லம்மா, புது கார்னா அப்படித்தான் சத்தம் வரும்” என்றேன். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். அவ்வளவுதான். எங்கள் தலைக்கு மேலே கூரைக்குள் ஏதோ முன்னால் உருண்டு வந்தது. உள்விளக்கு இருக்கிற இடத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீர், மாப்பிள்ளை, ஒரு முழு வாளி, டாக்டரம்மாவின் உச்சந்தலையில் கொட்டியது. பழுப்பு நிறத் தண்ணீர். அதில் பொடி இலைகள் வேறு. அவர் கத்தவில்லை. பல் பிடுங்குகிறவர் என்பதால் பிறர் கத்துவதைக் கேட்டுப் பழகியிருப்பார் போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ரொம்ப மெதுவாக, “அங்கிள், வெளியில வெயில் அடிக்குது. உங்க காருக்குள்ளதான் மழை பெய்யுது” என்றார். நான் அசடு வழிந்தேன். பச்சை விளக்கு விழுந்ததும் கிளம்பினேன். கிளம்பியதில் மிச்சமிருந்த தண்ணீர் பின்னால் உருண்டுபோய்ப் பின்சீட்டில் கொட்டியது. அது ஒருவகையில் நல்லதுதான், பின்னால் யாரும் இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே மெக்கானிக்கிடம் போயிருக்க வேண்டும். ஆனால் முப்பத்துநான்கு வருஷ அனுபவம் இருக்கிறவனுக்கு அவ்வளவு சீக்கிரம் புத்தி வராது. இன்னும் எங்கோ ஒரு கசிவு மிச்சமிருக்கிறது, அதையும் அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று சன்ரூஃபைச் சுற்றிலும் மேலேயும் பசையைப் பூசினேன். பூசிய மறுநாள், அடைத்த பிறகு முதல்முறையாக ஏசி போட்டேன். அதன் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே வழிந்து, காலடியில் கெண்டைக்கால்வரை ஜிலுஜிலுவென்று நின்றது. உள்கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்தது. கையால் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் நான் அவர்களுக்குக் கையசைக்கிறேன் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தார்கள். ஒரு வாரத்தில் உள்ளே ஊறப்போட்ட கோணிப்பை வாசனை வந்துவிட்டது. உங்கள் அத்தை கடைக்கு வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதுக்கு நான் நடந்தே போயிடுவேன்” என்றாள். பின்சீட்டுக் கம்பளத்தில் ஒரு செடி முளைத்தது. இரண்டு இலை. நான் பிடுங்கப் போனபோது, “பாவம் விடுங்க, நல்லா வந்திருக்கு” என்று அதே அத்தைதான் தடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம், வாசலில் ஹாரன் அலறியது. போய்ப் பார்த்தால் காரில் ஆளே இல்லை. வைப்பர் இரண்டும் வறண்ட கண்ணாடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான்கு ஜன்னலும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன, ஏறுகின்றன. சீட் பெல்ட் போடவில்லை என்று பீப் பீப் வேறு. எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் தலைகள் முளைத்தன. நான் சாவியைத் திருப்பினேன், பொத்தானை அமுக்கினேன், கடைசியில் பானெட்டைத் தட்டிக்கொடுத்து “போதும்பா, போதும்” என்று கெஞ்சினேன். பல் டாக்டரம்மா மாடியிலிருந்து, “அங்கிள், அதுக்கு ரொம்ப வலிக்குது. கொண்டுபோய்க் காட்டுங்க” என்றார். மாப்பிள்ளையின் கார் என் கையில் செத்துப்போகிறதே என்று முதல்முறையாகத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் அது ஒன்றுதான் சரியான ஓட்டை வழியாக வந்த தண்ணீர்.

மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் போய் விளக்கடித்துப் பார்த்தார். அப்புறம், “யார் சார் இதை அடைச்சது?” என்றார். “தெரியலையே, வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும், அந்த நிமிஷத்தில் பழியைக் கம்பெனிமேல் போட்டேன். அவர் விரலால் பசையைத் தடவிப் பார்த்து, “எவனா இருந்தாலும் கைதேர்ந்த ஆளு சார். ஒரு நூல் இடைவெளி இல்லாம அடைச்சிருக்கான். இப்படி ஒரு வேலையை நான் பாத்ததே இல்லை” என்றார். மாப்பிள்ளை, ஆறு வருஷமாக என் வேலையை யாரும் பாராட்டவில்லை. “நான்தான்” என்றேன்.

அவர் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். “சார், காருக்குள்ள ஒரு சொட்டுகூட நுழையக் கூடாதுன்னு யாரும் காரைச் செய்யலை. நுழையிற தண்ணி நல்லபடியா வெளிய போகணும்னுதான் செஞ்சிருக்காங்க. சன்ரூஃப் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணி இறங்கத்தான் செய்யும். அதுக்குக் கீழ ஒரு தட்டு இருக்கு. தட்டோட நாலு மூலையிலேருந்து நாலு குழாய் தூண் வழியா கீழ வருது. கதவுக் கண்ணாடி ஓரமா இறங்குற தண்ணி கதவுக்கு அடியில இருக்கிற ஓட்டை வழியா போயிடும். ஏசித் தண்ணிக்கு ஒரு குழாய். சொட்டினா கார் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“அப்ப, முதல் நாள் மிதியடி ஏன் ஈரமாச்சு?” என்று கேட்டேன். தோற்றுப்போகிறவன் கடைசியாகக் கேட்கிற கேள்வி அது.

அவர் நான் விட்டுவைத்த அந்தப் பதின்மூன்றாவது குழாயைக் காட்டினார். புல் வெட்டும் மிஷினில் போடுகிற நைலான் நூலை மேலேயிருந்து மெதுவாக உள்ளே விட்டார். கீழே கறுப்பாக, மெழுமெழுவென்று, அழுகிய இலைக் குழம்பு ஒன்று பொத்தென்று விழுந்தது. என் சட்டையில்தான் விழுந்தது. “இது ஒண்ணுதான் சார் அடைச்சிருந்துது. மரத்து இலை. இதைச் சுத்தம் பண்ண அஞ்சு நிமிஷம். நீங்க ஒழுங்கா வேலை செஞ்சிட்டிருந்த பன்னெண்டையும் அடைச்சுட்டு, கெட்டுப்போன ஒண்ணை மட்டும் விட்டுவெச்சிருக்கீங்க” என்றார். சீட்டுக்கு அடியில் கம்பளத்துக்குக் கீழே காரின் மூளைப்பெட்டி இருக்கிறதாம். அது தண்ணீரில் ஊறியதால்தான் ஹாரனும் வைப்பரும் தன்னிஷ்டத்துக்கு ஆடின. நல்லவேளை, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அது மொத்தமாகப் போயிருக்கும், கழற்றி உலர்த்திப் பார்ப்போம் என்றார். பசையையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு உலர்த்தினார். பிழைத்துக்கொண்டது. இதை நீங்கள் நிதானமாக இரண்டு தடவை படிக்கவும். பிழைத்துக்கொண்டது.

கம்பளத்தை வெயிலில் போட வேண்டும், சீட்டுகளைக் கழற்றி நிழலில் காற்றாட வைக்க வேண்டும் என்றார். வீட்டுக் கூடத்தில் வைத்தோம். இரண்டு மின்விசிறி, உங்கள் அத்தையின் தலைமுடி உலர்த்தும் கருவி, செருப்புக் கடைக்காரர் பெட்டிகளிலிருந்து பொறுக்கிக் கொடுத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அறுபது, எல்லாம் ஐந்து நாள் வேலை செய்தன. ஐந்தாம் நாள் முன்சீட்டைத் திரும்பக் கேட்டால் உங்கள் அத்தை தரமாட்டேன் என்றாள். டிவி பார்க்க அதுதான் வசதியாம், முதுகு சாய்கிறதாம். தொடரில் விறுவிறுப்பான கட்டம் வந்தால் பெல்ட்டைத் தேடுகிறாள்.

இந்த லட்சணத்தில் வீடு இருந்தபோதுதான் உங்கள் அப்பா வந்தார். நீங்கள் கேட்டுக்கொண்டபடி காரைப் பார்த்துவிட்டுப் போக வந்தாராம். கதவைத் திறந்தவர், கூடத்து நடுவில் உங்கள் அத்தை கார் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பழக்க தோஷம், “மிரரைச் சரி பண்ணிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டார். நான் மாட்டிக்கொண்டேன், இனி சாவி போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், சம்பந்தியின் பேண்ட் கணுக்காலுக்கு மேல் நனைந்து கால்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். நான் அந்தக் கால்களைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “சம்பந்தி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் கார்லயும் தண்ணி நிக்குது” என்றார்.

என்னை நீங்கள் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேரை ஃபெயிலாக்கியவர் காருக்குள்ளேயே தண்ணீர்! என் பசை விவகாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மெக்கானிக் எனக்குச் சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி அவருக்குச் சொன்னேன். “மரத்தடியில நிறுத்துவீங்களா?” என்று கேட்டேன். “எங்க தெருவுல மரமே இல்லையே சம்பந்தி” என்றார் பாவமாக. “காத்துல வரும்” என்றேன். “என் காருல சன்ரூஃபும் கிடையாதே.” “அதெல்லாம் சாக்கு. ஓட்டையைச் சுத்தமா வெச்சுக்கணும். கவனம் வேணும் சம்பந்தி, கவனம்!” என்று விரலை ஆட்டினேன். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ரிவர்ஸில் என்னைத் திட்டியபோது அவர் வைத்திருந்த அதே மாதிரி நோட்டு. அந்த ஒரு கால்மணி நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது.

ஆகவே மாப்பிள்ளை, நீங்களே நியாயத்தை யோசித்துப் பாருங்கள். தன் காரையே நனையவிட்டவரிடம் உங்கள் காரை எப்படி ஒப்படைப்பது? என்னிடம் நடந்தது ஒரு தொழில்முறைப் பிழை. பாடம் கற்றுக்கொண்டேன். அவரிடம் நடப்பது அலட்சியம். இன்றைக்கு உங்கள் கார் எலும்புபோல் உலர்ந்திருக்கிறது. மரத்தடியை விட்டுத் தள்ளி நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வைப்பர் பள்ளத்திலிருந்து இலை பொறுக்குகிறேன். சன்ரூஃபைத் திறந்து தட்டைத் துணியால் துடைக்கிறேன். உங்கள் அத்தை மேலே நின்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுவாள், நான் கீழே படுத்துக்கொண்டு “வருது! வருது!” என்று குரல் கொடுப்பேன். வராவிட்டால் அந்த நைலான் நூல். இரும்புக் கம்பி விடக்கூடாது, குழாய் கிழிந்துவிடும் என்று மெக்கானிக் சத்தியம் வாங்கியிருக்கிறார். முப்பத்துநான்கு வருஷம் “நின்னுடுச்சா?” என்று கேட்டவன், இப்போது “சொட்டுதா?” என்று கேட்கிறேன். இந்த வயதில் ஒரு மனிதன் இதைவிட எவ்வளவு மாறமுடியும்? அடுத்த வருஷத்துக்கும் சாவி என்னிடமே இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது போதும்.

என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, உயர்ந்த பதவியும் உலர்ந்த வீடுமாக நீடூழி வாழ வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் மனதார வாழ்த்துகிறோம். டாக்டரம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். இப்போது குடையோடு பின்சீட்டில் ஏறுகிறார், ஆனாலும் ஏறுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குரிய மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை கடிதத்தை வாங்கி, அந்த முன்சீட்டில் சாய்ந்துகொண்டு முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, “ஏங்க, போன மாசம் சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிடப் போனோமே, அது எந்த வாரம்?” என்றாள். “பன்னெண்டையும் அடைச்ச வாரம். மழை இல்லாம இருந்துதே” என்றேன். “சாப்பிட்டதும் நீங்க மட்டும் செரிக்கலை, கொஞ்சம் நடந்துட்டு வரேன்னு கீழ போனீங்க.” “போனேன்.” “திரும்பி வந்து சம்பந்தியம்மாகிட்ட கை கழுவ மண்ணெண்ணெய் கேட்டீங்களே, அது எதுக்கு?” என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் வருகிறோம் என்று சம்பந்தி அன்று காரைக் கழுவி வைத்திருந்தார். அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் பசை மிச்சமிருந்தது. மேலே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று விட்டுவிட்டேன். அவர் காரில் ஒன்பது ஓட்டைகள். ஒன்பதையும் அடைத்தேன். அவர் என்னை இரண்டு தடவை ஃபெயிலாக்கிய விஷயம் அந்த நேரத்தில் என் மனதில் துளியும் இல்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன். அவர் நம்புவாரா என்பது வேறு.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் உங்கள் அத்தை விடவில்லை. எனவே மேலே அலட்சியம், நியாயம், கவனம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பசை சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் உங்கள் அப்பா வீட்டுக்குப் போகிறேன். உங்கள் காரில்தான் போகிறேன். நடந்துதான் திரும்புவேன். எனக்கு இதைச் சொல்ல மனமே வரவில்லை, ஆனாலும் காரை அவரிடமே விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை. எங்கள் இருவரில் அவருக்குத்தான் இப்போது உலர்ந்த கார் ஒன்று தேவைப்படுகிறது.